சமக்குறி இருந்த இடத்தில் என் பெயர்

செப்டம்பர் 9, ஞாயிறு

கால அட்டவணை எங்கள் கைக்கு வந்துவிட்டது. வந்தது என்று எழுதுவது மரியாதைக்கு. பிடுங்கினோம்.

ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் எங்களுக்கு. காலையில் பையன்கள், மதியத்துக்கு மேல் எங்கள் பெண்கள். பெயர்ப்பலகை இரண்டு, தலைமை இரண்டு. பெஞ்சும் கரும்பலகையும் அலுவலகக் கணினியும் பொது. இத்தனை வருஷமும் இரண்டு பள்ளிக்குமான அட்டவணையைக் காலைப் பள்ளியின் துணைத்தலைமை வாத்தியார் உஸ்தாத் ஷௌகிதான் போட்டார். முதலில் பையன்களுக்குப் போடுவார், மிச்சம் மீதி எங்களுக்கு. ஆய்வகம் என்று ஒரு அறை இருப்பதே எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் சாவி தினமும் காலைப் பள்ளியோடு வீட்டுக்குப் போய்விடும்.

இன்றைய கூட்டத்தில் தஹானிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியை அவள், பெண்களுக்கு அறிவியல் அப்லா.

"அமிலம் பட்டா லிட்மஸ் தாள் சிவக்கும்னு செவப்பு சாக்பீஸ்ல எழுதிக் காட்டறேன் மதாம். கடைசி வகுப்புப் பொண்ணு ஒருத்தி கேக்கறா, அப்லா, நெஜமாவே செவக்குமா, இல்ல புஸ்தகத்துல மட்டுமான்னு. நான் என்ன சொல்ல?"

எங்கள் தலைமையாசிரியை மதாம் இன்ஷிராஹ் தேநீர் கிளாஸை டக்கென்று மேசையில் வைத்தார். "இந்த வருஷம் நம்ம டைம்டேபிளை நாமளே போடுவோம். ராவ்யா போடுவா."

வேறு யாராவது ராவ்யா இருக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்த்தேன். இல்லை.

ஷௌகி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். "போடட்டும் மதாம், நல்லாப் போடட்டும். ஒரு வாரத்துல எங்கிட்டயே வருவாங்க. டீயோட காத்திருக்கேன்."

எல்லோரும் போன பிறகு மதாம் என்னைத் தனியாக நிறுத்தினார். "இருபத்தி மூணாம் தேதி மொத மணி அடிக்கும்போது அது சுவத்துல இருக்கணும். இல்லேன்னா திரும்ப அந்த ஆள்கிட்டதான் போயி நிக்கணும். போயிட்டா, லேப்பை நம்ம பொண்ணுங்க கனவுலதான் பாக்கணும். புரியுதா?"

புரிகிறது. எனக்கு எக்செல் தெரியாது என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. கணக்கு வாத்தியார் என்றால் எல்லாம் வரும் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

செப்டம்பர் 10, திங்கள்

ஷௌகி மனுஷன்தான், மறுக்க முடியாது. மதியம் கணினியை விட்டு எழுந்திருக்கும்போது தன் கோப்பைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். "காலை" என்று பெயர். உள்ளே இரண்டு தாள். "ஆசிரியர்கள்" என்ற தாளில் யார், எந்த வகுப்பு, எந்த வேளை, எந்த அறை என்று எழுதினால் போதும். "சுவர்" என்ற தாள் சூத்திரங்களால் தானே நிரம்பிக்கொள்ளும். அதைப் பெரிதாக அச்சடித்து ஒட்டிவிடலாம். பார்த்ததும் பொறாமையாக இருந்தது. இந்த மனிதரிடம் இவ்வளவு புத்தி இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மாலை" என்று புதுக் கோப்பு தொடங்கினேன். எங்கள் பட்டியலுக்கு ஒரு தாள் போட்டு, கொஞ்சம் பெருமையாகவே "நம் ஆசிரியைகள்" என்று பெயர் வைத்தேன். பிறகு அவருடைய சுவர் தாளை அப்படியே பிரதி எடுத்து என் கோப்பில் ஒட்டினேன். கோடு, நிறம், சூத்திரம் எல்லாம் சமத்தாக வந்து உட்கார்ந்தன. ஒரே நொடி! இதற்கா ஒரு வாரம்?

இரவுச் சாப்பாட்டில் ஹெல்மியிடம் பீற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சோபாவுக்குத் துணி தைத்துப் பஞ்சு அடைக்கிறவர். மரச்சாமான் ஊரான தமியாத்தில் வேறென்ன செய்வார்கள்? வெள்ளைப் பாலாடைக்கட்டியை ரொட்டியில் தடவிக்கொண்டே, "மொதல்ல யாராவது உக்காந்து பாக்கட்டும்" என்றார்.

எரிச்சல்.

செப்டம்பர் 11, செவ்வாய்

"நம் ஆசிரியைகள்" தாளை முழுக்க நிரப்பினேன். சுவர் அசையவில்லை. அதன்படி எங்கள் இரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு உஸ்தாத் ஃபௌஸி ஆங்கிலம் நடத்துகிறார். அவர் பையன்கள் பள்ளி. அதுவும் போன வருஷமே குவைத்துக்குப் போய்விட்டார். ஷௌகி இன்னும் அவரை எடுக்கவில்லை போல.

எனக்குப் பொறுமை கிடையாது. அவர்கள் பெயர்கள் மேலேயே எங்கள் பெயர்களைக் கையால் அடித்துவிட்டேன். அறை எண்களை மட்டும் அப்படியே விட்டேன். கட்டடம் ஒன்றுதானே, அறையும் அதேதானே.

செப்டம்பர் 12, புதன்

இன்று ஒரு நல்ல யோசனை தோன்றியது. என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல யோசனை. காலையில் எந்த வேளை பையன்களுக்கு ஆய்வகம் என்று காட்டுகிறதோ, மதியம் அதே வேளையில் தஹானியை வைத்தால் போதும். அறைக் கட்டத்தில் ஆய்வகம் தானே நிற்கும். செவ்வாய் மூன்றாம் வேளை, கடைசி வகுப்பு, தஹானி, ஆய்வகம். திரையில் அதைக் காட்டினேன். அவள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

மற்றவர்கள் அப்படி இல்லை. யாருக்குமே கடைசி வேளை வேண்டாமாம். எல்லோருக்கும் வீட்டில் டியூஷன் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வரலாற்று அப்லா ஒரு பெட்டி முஷப்பக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "சும்மா, வழியில வாங்கினேன்" என்றாள். ஜிலேபியைத் தின்றேன். கடைசி வேளையையும் அவளுக்கே போட்டேன்.

செப்டம்பர் 13, வியாழன்

கோப்பைத் திறந்ததும் ஏதோ கேட்டது, புதுப்பிக்கவா என்று. வேண்டாம் என்றால் ஏதாவது போய்விடுமோ என்று பயந்து, எல்லோரும் செய்கிற மாதிரி ஆமாம் என்று அழுத்தினேன்.

ஆய்வகம் தையல் ஆசிரியைக்குப் போயிருக்கிறது. தஹானிக்கு மாடி மூலை அறை. நேற்று நான் என் கண்ணால் பார்த்து வைத்தது. மறுபடி எல்லாவற்றையும் நகர்த்தி, ஆய்வகம் தஹானிக்கு வருகிற மாதிரி சரி செய்தேன். உடம்பெல்லாம் வலி.

யார் தொட்டது?

செப்டம்பர் 16, ஞாயிறு

மறுபடியும். இந்தத் தடவை ஆய்வகம் குர்ஆன் பாடத்துக்கு.

மதியம் வரைக்கும் அந்தக் கணினியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? ஒரே ஆள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நேராகக் காலைப் பள்ளி ஆசிரியர் அறைக்குப் போனேன். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். "உஸ்தாத், உங்களுக்கு லேப்பைக் குடுக்க மனசு வரலைன்னா நேரா சொல்லுங்க. திருட்டுத்தனமா என் ஃபைலைத் தொறந்து ஏன் மாத்தறீங்க?"

ஷௌகியின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. "நானா? உன் ஃபைலையா? ஒரு தடவை தொட்டிருந்தாக்கூட என் பொண்டாட்டி எனக்குத் தலாக், தலாக், தலாக்!"

பொய்யென்றால் கல்யாணமே முறிந்துவிடும். அந்தச் சத்தியத்தை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். அவர் தன் மனைவிக்கு எவ்வளவு பயப்படுவார் என்பது ஊருக்கே தெரியும்.

அப்படியென்றால் யார்? ஜின்னா? நான்தான் பைத்தியமா? எல்லோரும் பார்த்தாங்களே, ச்சே. எதுக்குப் போய் அப்படிக் கத்தினேன்?

செப்டம்பர் 17, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

இன்று சண்டைக்குப் போகாமல் ஒழுங்காக உட்கார்ந்தேன். அறை எண் இருக்கிற ஒரு கட்டத்தைத் தொட்டேன். மேலே உள்ள நீளப் பட்டையில் சூத்திரம் தெரிந்தது. சமக்குறி, அதற்குப் பிறகு சதுர அடைப்புக்குள் "காலை", அதற்குப் பிறகுதான் "ஆசிரியர்கள்". அடுத்த கட்டத்திலும் காலை. அதற்கடுத்ததிலும் காலை. நான் தாளைத்தான் பிரதி எடுத்தேன், ஆனால் ஒவ்வொரு சூத்திரமும் தான் பிறந்த வீட்டையே கைகாட்டிக்கொண்டிருக்கிறது. என் கோப்பில் உட்கார்ந்துகொண்டு அவர் கோப்பைப் பார்த்துப் படிக்கிறது. காலையில் அவர் தன் பையன்களுக்கு ஒரு அறையை மாற்றினால், மதியம் நான் திறந்து ஆமாம் என்று அழுத்தியதும் என் அறையும் மாறிவிடுகிறது. "நம் ஆசிரியைகள்" தாளை ஒரு கட்டம்கூடத் திரும்பிப் பார்த்ததே இல்லை!

ஷௌகி ஒன்றும் செய்யவில்லை. பாவம், தலாக் சத்தியம் வேறு செய்தார்.

ஒரு பெட்டி முஷப்பக் வாங்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன், நேற்றுக் கத்தின அதே அறையில், அதே ஆட்கள் முன்னால். அவர் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார், கடைசியில் எனக்கும். "சொன்னேனே அப்லா, ஒரு வாரம்னு. பரவாயில்ல, எங்கிட்டக் குடுத்துடுங்க. ராத்திரி உக்காந்தா முடிச்சுடுவேன்."

"லேப்?"

"அது காலைப் பள்ளிக்கே பத்தல அப்லா."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கோபம்.

மதாம் இன்ஷிராஹ் என்னைக் கூப்பிட்டு, "முடியுமா, முடியாதா, ஒரு வார்த்தை சொல்லு" என்றார். முடியும் என்றேன். எப்படி என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

செப்டம்பர் 18, செவ்வாய்

மறுபடி பிரதி எடுத்தேன். வேறு விதமாக ஒட்டினேன். ஓரமாக நின்று ஒட்டினேன், சபித்துக்கொண்டே ஒட்டினேன். எப்படி ஒட்டினாலும் சதுர அடைப்பும் "காலை"யும் கூடவே வருகின்றன. வெறும் மதிப்பை மட்டும் ஒட்டினால் சூத்திரம் செத்துப்போகிறது. அப்புறம் ஒரு அப்லா பிரசவ விடுப்பில் போனால் முழுச் சுவரையும் கையால் அடிக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டமாக உள்ளே போய் அந்தப் பெயரை அழிக்கலாம் என்றாள் தஹானி. இரண்டு பேருமாகத் தொடங்கினோம். ஒரு வரி முடிவதற்குள் அவள் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. சுவர் எவ்வளவு பெரிதென்று நிமிர்ந்து பார்த்தோம். நிறுத்திவிட்டோம்.

செப்டம்பர் 19, புதன்

பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. கையில் சோப்போடு ஹெல்மியிடம் ஓடினேன்.

"சமக்குறி!"

"என்ன சமக்குறி?"

"சமக்குறி இருந்தாத்தான் அது சூத்திரம். இல்லேன்னா வெறும் எழுத்து! எழுத்து யாரையும் கைகாட்டாது!"

"சரி. குழாயை மூடிட்டு வந்தியா?"

மூடவில்லை. ஆனால் விஷயம் இதுதான். அவருடைய கோப்பிலேயே எல்லாச் சமக்குறிகளையும் ஒரே அடியில் வேறொன்றாக மாற்றிவிட வேண்டும். அப்போது சூத்திரம் வெறும் எழுத்தாகிவிடும், எதையும் கைகாட்டாது. அந்த எழுத்தை என் கோப்புக்குத் தூக்கி வந்து, அங்கே மறுபடி சமக்குறியாக்கினால்? அது என் வீட்டில் பிறந்த சூத்திரம்!

எதாக மாற்றுவது? கோப்பில் வேறெங்கும் இல்லாத ஒரு சொல் வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மாற்றும்போது குழம்பிவிடும். பையன்கள் பள்ளியில் அஹமது இருக்கிறார், ஃபௌஸி குவைத்திலிருந்தபடியே இருக்கிறார். ராவ்யா மட்டும் கிடையாது.

தஹானியையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். ஷௌகியின் கோப்பைத் திறந்தேன். சமக்குறி போய், ராவ்யா வந்தது. ஒரு பொத்தான்தான். சுவர் முழுக்க, கட்டம் கட்டமாக, என் பெயர். ராவ்யா ஆசிரியர்கள் பி நாலு. ராவ்யா ஆசிரியர்கள் பி ஐந்து. வாழ்க்கையில் என் பெயரை இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து ரசித்தேன்.

பிறகு அதை அள்ளி என் கோப்பில் போட்டு, ராவ்யாவைச் சமக்குறியாக்கு என்றேன். உடனே ஒரு சன்னல் திறந்தது, எந்தக் கோப்பு என்று கேட்டது. மூடினேன். இன்னொன்று. மூடினேன். இன்னொன்று! தஹானி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் மட்டும் புரிந்துகொண்டேன். சூத்திரம் "ஆசிரியர்கள்" என்ற தாளைத் தேடுகிறது, நானோ பெருமை பேசி "நம் ஆசிரியைகள்" என்று வைத்திருக்கிறேன். இல்லாத தாளை அது எங்கே போய்த் தேடும்? பெருமையை விழுங்கினேன். பெயரை "ஆசிரியர்கள்" என்று மாற்றினேன். மறுபடி அந்தப் பொத்தான்.

சுவர் நிரம்பியது. வரி வரியாக, எங்கள் பெயர்கள், எங்கள் அறைகள், எங்கள் வேளைகள். மேல்பட்டையில் சதுர அடைப்பு இல்லை. காலை இல்லை. சோதிக்க வேண்டுமே என்று என் பட்டியலில் தஹானியின் பெயரை "தஹானி மகாராணி" என்று மாற்றினேன். சுவரில் மகாராணி நின்றாள், செவ்வாய் மூன்றாம் வேளை, ஆய்வகத்தில்.

கத்தினேன். அவளும் கத்தினாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் காவல்காரர் ஓடிவந்து, "என்னம்மா, யாருக்குக் கல்யாணம் முடிவாச்சு?" என்று கேட்டார். மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு வந்தேன். எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் என் விரல் தானாகவே சேமித்துவிடும்.

செப்டம்பர் 20, வியாழன்

காலையில் எழுந்ததும் தொலைபேசி. ஷௌகி.

"அப்லா ராவ்யா! என் பள்ளிக்கூடத்துல உனக்கு என்ன வேலை? சுவரு முழுக்க நீதான் நிக்கறே!"

எல்லாவற்றையும் சேமித்தேன் என்று எழுதினேன் இல்லையா? எல்லாவற்றையும். அவர் கோப்பையும். திரும்பச் சமக்குறியாக்காமல். யா அல்லாஹ்! எழுத்தர் காலையில் வந்து, பார்க்காமலேயே அச்சடித்து, நுழைவாயிலில் ஒட்டியும் விட்டாராம்.

வீட்டில் கட்டும் முக்காட்டோடு துக்துக் ஆட்டோவில் ஏறினேன். நுழைவாயிலில் காலைப் பள்ளி முழுக்க நின்று படித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு முதல் வேளை, ராவ்யா. இரண்டாம் வேளை, ராவ்யா. உடற்பயிற்சி, ராவ்யா. அவர்கள் தலைமையாசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "உஸ்தாத் ஷௌகி, இதை உங்க வீட்டம்மா பாத்தாங்கன்னா அந்தத் தலாக்கை அவங்களே குடுத்துடுவாங்க!"

ஷௌகி மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷ உழைப்பு போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். ஒட்டிய தாளை வரி வரியாக விரலால் தொட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வெற்றி கொஞ்சம் சுருங்கியது.

"உக்காருங்க உஸ்தாத். ஒண்ணும் போகல" என்றேன்.

அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றார், அவருக்குப் பின்னால் அத்தனை ஆண் வாத்தியார்களும். ராவ்யா போய், சமக்குறி வந்தது. ஒரு பொத்தான். சுவர் ஒரு தடவை சிமிட்டியது. பையன்கள் பள்ளி திரும்பி வந்தது, குவைத் ஃபௌஸி உட்பட.

ஷௌகி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "இன்னொரு தடவை பண்ணிக் காட்டு."

காட்டினேன். மெதுவாக, ஒவ்வொன்றாக. எதனால் என் கோப்பு அவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தது, எதனால் இப்போது பார்க்காது, எல்லாம் சொன்னேன். முடித்ததும் தாடையைத் தடவிக்கொண்டார். "நான் போன வருஷக் கோப்புலேருந்து இந்த வருஷத்துக்கு எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கட்டமா அடிச்சேன், ராவ்யா. கோடை லீவு முழுக்க. எங்க வீட்டுல எல்லாரும் ராஸ் எல் பர்ருக்குக் கடல்ல குளிக்கப் போவாங்க. நான் வீட்டுல."

அவர் என்னை அப்லா இல்லாமல் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

மணி அடித்தபோது சுவரில் இருந்தது.

காலையில் ஷௌகி பையன்களுக்கு இரண்டு அறை மாற்றியிருக்கிறார். மதியம் என் கோப்பைத் திறந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கட்டமும் அசையவில்லை. அறை கிடைக்காமல் நடைபாதையில் நின்ற வகுப்பு ஒன்றுகூட இல்லை. முதல் நாளில் இப்படி நான் பார்த்ததே கிடையாது. மதாம் இன்ஷிராஹ் நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். சும்மா. எல்லாக் கதவும் மூடியிருப்பதைப் பார்க்க.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு ஷௌகியிடம் போய்க் கையை நீட்டினார். "செவ்வாய் மூணாவது பீரியட், லேப், எங்களுக்கு. சுவத்துல போட்டாச்சு. சாவி?"

ஷௌகி என்னைப் பார்த்தார். "பையன்களோட இடிக்காதே?"

"காலையில நீங்க, மதியம் நாங்க. எங்க இடிக்கும்?"

சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வளையம் துருப்பிடித்திருந்தது. மதாம் கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

செப்டம்பர் 25, செவ்வாய்

மூன்றாம் வேளை எனக்கு ஓய்வு. நானே எனக்கு அப்படிப் போட்டுக்கொண்டேன். அந்த அதிகாரம் எனக்கு உண்டு.

பெண்கள் ஆய்வகத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றார்கள். "உள்ள வரலாமா அப்லா?" என்று கேட்டாள் ஒருத்தி. சொந்தப் பள்ளிக்கூடத்தில்! தஹானி திரும்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடினாள். கண்ணைத் துடைத்திருப்பாள், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். மேசையெல்லாம் தூசி. துடைக்க ஆளுக்கொரு துணி. பிறகு கண்ணாடிக் குழாய்கள், எலுமிச்சைச் சாறு, வினிகர், சோடா. நீலத் தாளை எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள்.

ஒருத்தி எலுமிச்சையில் தொட்டாள்.

அவள் போட்ட கூச்சல்! "செவக்குது! அப்லா, நெஜமாவே செவக்குது!" உடனே எல்லோரும் தொட, எல்லோரும் கத்த, பக்கத்து அறையிலிருந்து வரலாற்று அப்லா எட்டிப் பார்த்தாள். ஒருத்தி தன் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள், அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். இன்னொருத்தி நாக்கை நீட்டி அதில் தாளை ஒட்டிப் பார்த்தாள். தஹானி அதட்டினாள். நான் மூலையில் நின்று சிரித்தேன், அழுதேன். எது எப்போது என்று தெரியவில்லை. எனக்கு இவ்வளவு சந்தோஷம் சமீபத்தில் வந்ததில்லை. எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 17, புதன்

எக்செல்லில் "இணைப்புகளைத் திருத்து" என்று ஒரு இடம் இருக்கிறதாம். அங்கே போய்ப் பழைய கோப்புக்குப் பதில் இந்தக் கோப்பு என்று காட்டினால் போதுமாம், எல்லாம் தானே மாறிவிடுமாம். இன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

பிப்ரவரி 7, வியாழன்

இரண்டாம் பருவம் ஞாயிறன்று தொடங்குகிறது. ஷௌகி எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் பென் டிரைவ், இன்னொரு கையில் இரண்டு கிளாஸ் தேநீர், தட்டில் வைத்துத் தானே தூக்கி வந்திருந்தார்.

உட்கார்ந்தார். வெயில் பற்றிப் பேசினார். வெயிலே இல்லை. பிறகு பென் டிரைவை என் பக்கம் நகர்த்தினார். "கண்ணு முன்ன மாதிரி இல்ல அப்லா. எங்க ஹெட்மாஸ்டரும் சொல்றார், ரெண்டு பள்ளிக்கும் ஒரே ஆள் போட்டா நல்லதாம். எனக்குத் தோணுச்சு, நீங்க போட்டா... பையன்களுக்கும் மிச்சம் மீதியாப் போட மாட்டீங்கன்னு."

சுருக்கமாகப் பதில் சொன்னேன். என் வாய்க்கு அது அபூர்வம். "மாட்டேன் உஸ்தாத்" என்றேன்.

தேநீரில் சர்க்கரை ரொம்ப அதிகம். முழுக்கக் குடித்தேன். வீட்டுக்கு வந்து ஹெல்மியிடம் சொன்னேன். "அப்ப இந்தக் கோடைக்கு அந்தாளு கடலுக்குப் போவார்" என்றார். ஆமாம், போவார். நான் வீட்டில் உட்காரப் போவதில்லை, எனக்குத்தான் ஒரு பொத்தான் போதுமே.

பிப்ரவரி 12, செவ்வாய்

இரண்டு பள்ளி வாத்தியார்களும் என்னைத்தான் திட்டுகிறார்கள். வரலாற்று அப்லா முஷப்பக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டாள். பையன்கள் பள்ளி உடற்பயிற்சி உஸ்தாத், தொலைபேசியில், தன்னை வேண்டுமென்றே வெயில் நேரத்தில் போட்டதாகச் சத்தம் போட்டார். தலாக் சத்தியம் செய்ய எனக்கு வழியில்லை, அல்லாஹ் மேல் சத்தியம் செய்தேன்.

நான்காம் வேளை கடைசி வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனேன். வகுப்பறை காலி. மணி அடித்து எவ்வளவோ நேரம் கழித்து ஆய்வகத்திலிருந்து கூட்டமாக ஓடிவந்தார்கள், கையெல்லாம் ஊதாக் கறை, ஒருத்தியின் முக்காட்டில் வினிகர் நாற்றம், எல்லோர் வாயிலும் ஒரே கதை, எந்தக் குழாய் பொங்கியது, யார் மேல் கொட்டியது என்று. வந்த பிறகும் அடங்கவில்லை. பேனாவைத் திறக்கவில்லை. இருபடிச் சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினால் பாதிப் பேர் விரலை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பொறுமை கிடையாது. மேசையைத் தட்டினேன். "லேப் முடிஞ்ச உடனே கணக்கா? எந்தப் புத்திகெட்டவ போட்ட டைம்டேபிள் இது?"

முன் பெஞ்சில் ஒருத்தி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"நீங்கதான் அப்லா."